கடைக்கும் பட்டறைக்கும் இழுத்த வயர்

என் கைக்குப் பாகு பதம் வராது. இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சில நாளிலேயே அது எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடுகிற குடும்பத்தில் மூத்த மருமகளாக இருந்துகொண்டு பாகு தெரியவில்லை என்றால் எப்படி இருக்கும்! நான் இறக்குகிற பாகில் போட்ட மிட்டாய் ஒன்று பல்லில் ஒட்டும், இல்லாவிட்டால் பல்லை உடைக்கும். அத்தை திட்டவில்லை. "நீ பாக்கெட் போடுட்டி, போதும்" என்று கரண்டியை வாங்கிக்கொண்டார். அப்போது எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் சாயங்காலம்தான் வீடு.

பிறகு அந்தப் பாடத்துக்குப் பிள்ளைகள் சேருவது குறைந்துகொண்டே வந்து, ஒரு வருஷம் எங்களில் சிலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே வருஷம்தான் என் கொழுந்தனாருக்குக் கல்யாணம் ஆனது. சின்னவள் வந்தாள்.

சின்னவளுக்குக் குளத்தூர். அவள் அப்பா உப்பளத்தில் கணக்குப் பார்க்கிறவர். மிட்டாய்த் தொழிலுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் வந்த புதிதில் ஒருநாள் விளையாட்டுப்போல அடுப்படிக்குப் போய் நின்றவள், கொதிக்கிற பாகில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு, உருட்டி, தட்டில் போட்டாள். 'டிங்' என்று சத்தம் கேட்டது. "இப்ப இறக்கலாமா அத்தை?" என்றாள். அதுதான் பதம். எனக்கு அத்தனை வருஷம் வராதது அவளுக்கு ஒரு மத்தியானத்தில் வந்துவிட்டது. அன்றைக்கு அத்தையின் முகத்தில் வந்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

போதாததற்கு அவளுக்குக் குரலும் உண்டு. வேலை செய்யும்போது தன்னை அறியாமல் பாடுவாள். நானும் பாடுவேன், ஆனால் யாரும் காதில் வாங்கும்படி இருக்காது.

எங்கள் வீடு அகலம் கம்மி, நீளம் ஜாஸ்தி. தெருவைப் பார்த்துக் கடை, அதன் பின்னால் நாங்கள் இருக்கிற அறைகள், நடுவில் பாக்கெட் போடுகிற அறை, அப்புறம் முற்றம், கடைசியில் தகரக் கொட்டகை போட்ட பட்டறை. அத்தை கல்லாவில் இருப்பார். சின்னவள் பட்டறையில் இன்னும் சில பெண்களோடு அடுப்பில் நிற்பாள். நான் நடுவில், தராசுக்கும் பாக்கெட் ஒட்டுகிற மிஷினுக்கும் பக்கத்தில். அத்தைக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. பட்டறைக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் போனில் கூப்பிடுவார். கடலை வறுக்கிற மிஷின் சத்தத்தில் சின்னவளுக்கு மணி கேட்காது. கேட்டாலும் கையெல்லாம் வெல்லம்.

ஒருநாள் அப்படித்தான் இரண்டு விரலால் போனைத் தூக்கப்போய், அது நழுவிக் கொதிக்கிற பாகுக்குள் விழுந்துவிட்டது. ஒரு சட்டி பாகு முழுக்க வீண். சத்தம் கேட்டு நாங்கள் ஓடினோம். அத்தையும் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்.

"பாகு போனாப் போவுது. கை சுடலையேட்டி?" என்றார்.

எனக்கு அங்கேயே நின்றபடி ஒரு யோசனை ஓடியது. அந்தப் போன் என் கையிலிருந்து விழுந்திருந்தால் அத்தை முதலில் எதைக் கேட்டிருப்பார்? என் கையையா, பாகையா? பதில் எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன்.

"இனிமே பட்டறைக்குள்ள போன் ஆவாது" என்று அத்தை தீர்ப்புச் சொன்னார். "எனக்கு ஏதாச்சும் வேணும்னா நானே நடந்து வாரேன்."

"நீங்க நடக்க வேண்டாம் அத்தை" என்றேன். "நான் ஒண்ணு செஞ்சு தாரேன். கடையில ஒரு பொட்டி, இங்கன ஒரு பொட்டி. நடுவுல வயர். இருந்த இடத்துல இருந்தே பேசலாம்."

"அதெல்லாம் ரெடிமேடா வாங்கலாமே" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் செய்யுதேன்" என்றேன். குரல் கொஞ்சம் கூடித்தான் வந்தது. சின்னவளுக்கு வராத ஒன்று, எனக்கு மட்டும் வருகிற ஒன்று, அந்த வீட்டில் அது மட்டும்தான் இருந்தது.

மெயின் ரோட்டில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கிற அண்ணாச்சியிடம் போனேன். பழைய டி.வி.யில் கழற்றிய சின்ன ஸ்பீக்கர் இரண்டு, டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர் எல்லாம் கேட்டேன்.

"இன்டர்காமா? எல்லாம் உள்ளேயே அடங்கின ஒரு ஐ.சி. போட்டா முடிஞ்சுபோச்சே தங்கச்சி. எதுக்கு டிரான்சிஸ்டரைக் கட்டி அழுவுதீங்க?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஆனால் ஐ.சி. போட்டால் அது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியது ஆகிவிடும். ஒவ்வொரு வருஷமும் போர்டில் வரைந்து வரைந்து எனக்கு மனப்பாடமான சர்க்யூட்டை நிஜமாக ஒருமுறை வேலை செய்ய வைக்க வேண்டும் என்றிருந்தது.

ஸ்பீக்கருக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரம் கொடுத்தால் அதன் காகிதக் கூம்பு அதிர்ந்து பேசும். அதன் முன்னால் நாம் பேசினால், அதே கூம்பு அதிர்ந்து கொஞ்சூண்டு மின்சாரம் தரும். அதாவது வாயும் அதுவே, காதும் அதுவே. அந்தக் கொஞ்சூண்டைப் பெரிதாக்கத்தான் டிரான்சிஸ்டர். பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று அதற்கு மூன்று கால். முதல் டிரான்சிஸ்டருக்கு வழக்கம்போல பேஸில் கொடுக்காமல் எமிட்டரில் சத்தத்தைக் கொடுத்தேன். ஸ்பீக்கர் மாதிரி மெலிந்த ஆசாமிக்கு அதுதான் தோது. அடுத்தது இன்னும் கொஞ்சம் பெரிதாக்கும். கடைசி இரண்டும் சேர்ந்து எதிர்ப்பக்க ஸ்பீக்கரைப் பேச வைக்கும். மீட்டரை வைத்து ஒவ்வொரு கலெக்டரிலும் வோல்ட் பார்த்து, ரெசிஸ்டரை மாற்றி மாற்றிப் போட்டேன். மேஜையில் இரண்டு ஸ்பீக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதல்முறை கரண்ட் கொடுத்தபோது நாய் ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம். ஒன்றின் வாய் மற்றதன் காதில் விழுந்து சுற்றிச் சுற்றி வருகிற ஊளை அது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஊளையிட்டால் சர்க்யூட் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, பேசுவதற்கு அழுத்துகிற பித்தானை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. சத்தத்தைப் பெரிதாக்குகிற ஆம்பிளிஃபயர் ஒன்றே ஒன்று என்பதால் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்துச் சத்தம்தான் போகும். பட்டறைக்காரியின் கை வெல்லக் கை. அவளால் பித்தானைத் தொட முடியாது. ஆகவே பித்தானை அத்தையின் பக்கம் வைத்தேன். அத்தை அழுத்தினால் அவர் பேசுவது பட்டறையில் கேட்கும். விட்டுவிட்டால் பட்டறையில் பேசுவது கடையில் கேட்கும். சின்னவள் எதையும் தொட வேண்டாம், இருந்த இடத்திலிருந்து பேசினால் போதும். ரொம்ப யோசித்துச் செய்த ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

வயரை முறுக்கி இழுத்தேன், கரண்ட் வயரின் இரைச்சல் ஏறாமல் இருக்க. ஓட்டை போட வேண்டிய வேலையே இல்லை. கரிசல் மண்ணில் கட்டின வீட்டில் வெடிப்பு இல்லாத சுவர் ஏது? வெடிப்பு வழியாகவே கடையிலிருந்து பட்டறை வரை கொண்டுபோய்விட்டேன். மாட்டிவிட்டுக் கரண்ட் கொடுத்தால் பெட்டியில் யாரோ பருத்தி விலை வாசிக்கிறார்கள். நீளமான வயர் ரேடியோவைப் பிடித்துவிட்டது. அத்தைக்கு ஒரே குஷி. "இதுல பாட்டும் வருமாட்டி?" என்றார். முதல் டிரான்சிஸ்டரின் வாசலில் பொடி கெப்பாசிட்டர் ஒன்றை வைத்ததும் ரேடியோ போய்விட்டது. அது எவ்வளவு நறுவிசான வேலை என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அத்தை பித்தானை அழுத்தினார். "ஏட்டி சின்னவளே! கேக்குதா?"

விட்டார். கரண்டி சட்டியில் உரசுகிற சத்தம், வறுக்கிற மிஷின், அதற்கு மேலாக, பக்கத்தில் நிற்கிற மாதிரி சின்னவளின் குரல்: "நல்லாக் கேக்குது அத்தை!"

நான் செய்த பெட்டி முதன்முதலாகக் கூப்பிட்டதே சின்னவளைத்தான்.

அன்றிலிருந்து அந்தப் பெட்டி ஓயவில்லை. அத்தை காலையில் வந்து உட்கார்ந்ததும் அதைப் போட்டுவிடுவார். கடை சாத்துகிறவரை பட்டறையின் சத்தம் கடையில் கேட்டுக்கொண்டே இருக்கும். சின்னவள் பாடுவது, மற்றப் பெண்களைக் கேலி செய்வது, தும்முவது எல்லாம். தும்மினால் அத்தை அழுத்தி, "நூறாயுசு" என்பார். இரண்டு பேரும் நாள் முழுக்கப் பேசினார்கள். என்ன குழம்பு, யார் வீட்டுக் கல்யாணம், எந்தச் சேலை. அதற்கு முன்னால் வேலை மும்முரத்தில் அவர்களுக்குள் இவ்வளவு பேச்சே கிடையாது. நான்தான் வழி செய்துகொடுத்தேன். என் தலைக்கு மேலேதான் அந்த வயர் போகிறது. முன்பக்கம் அத்தையின் குரலும் பின்பக்கம் சின்னவளின் குரலும் கேட்கிற இடத்தில் நான் உட்கார்ந்து பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தேன். இடையில் ஒருநாளும் என் பெயர் வரவில்லை.

ஒருமுறை கடம்பூரிலிருந்து வழக்கமாகச் சரக்கு எடுக்கிற போளிக்கடைக்காரர் வந்திருந்தார்.

"யாரு ஆச்சி பாடுதது?"

"எங்க சின்ன மருமவ. பட்டறையில நின்னு பாடுதா, இங்கன கேக்குது பாத்தீயளா?"

"நல்ல குரலு. பொட்டி எங்க வாங்குனீய?"

"அதுவா, வீட்டுலயே செஞ்சது அண்ணாச்சி."

அவ்வளவுதான். மூத்தவள் செய்தாள் என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம். நான் தராசில் நிறுத்துக்கொண்டிருந்த மிட்டாயை மறுபடி கொட்டி மறுபடி நிறுத்தேன். வயிற்றெரிச்சல் என்று சும்மா பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை, நிஜமாகவே வயிற்றில்தான் எரிகிறது.

ஒரு முற்பகல், சின்னவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டே பாக்கெட் அறைக்கு வந்தாள். வந்து கதவை ஒருக்களித்தாள்.

"அக்கா, அந்தப் பொட்டி சத்தத்தை வெளிய விடாம நிறுத்த முடியுமா? அத்தைக்குத் தெரியாம?"

"ஏன்? உனக்கும் அத்தைக்கும்தான் அது இல்லாமப் பொழுதே போவாதே" என்றேன்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "எனக்கு வாந்தியா வருதுக்கா. வெல்ல வாசமே ஆவ மாட்டேங்குது. வாயைப் பொத்திக்கிட்டு முத்தத்துக்கு ஓடுதேன். கூட நிக்கவளுககிட்டப் பித்தம்னு சொல்லி வச்சிருக்கேன். ஓங்கரிச்சா கடைக்குக் கேட்டுரும்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"அதை அடக்கத்தான் பாடுதேன்" என்றாள். "பாடாம இருந்தாலும் அத்தை விட மாட்டாவ. என்னட்டி சத்தத்தையே காணோம்னு கேக்காவ. பெருமூச்சு விடக்கூடப் பயமா இருக்கு."

"அத்தைகிட்ட சொல்ல வேண்டியதுதானே? சந்தோசப்படுவாவளே."

"போன தடவை உடனே சொல்லி, அவிய கடைக்கு வாரவங்ககிட்ட எல்லாம் சொல்லி..." என்று நிறுத்தினாள். அந்தக் கரு தங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதன் பிறகு கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அவள் பதில் சொல்ல வேண்டியிருந்ததையும் பார்த்தேன். "இந்தத் தடவை மூணு மாசம் தாண்டட்டும்க்கா. அவுகளுக்கு மட்டும்தான் தெரியும், இப்ப உங்களுக்கு."

அவுக என்றால் அவள் புருஷன். எனக்குக் கல்யாணமாகி அவளைவிட ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. குழந்தைக்காக மதுரை ஆஸ்பத்திரிக்கு நடந்ததும், பிறகு ஒருநாள் போதும் என்று நாங்களே நிறுத்திக்கொண்டதும் அவளுக்குத் தெரியும். அவள் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. பாகும் அவளுக்கு, பாட்டும் அவளுக்கு, அத்தையும் அவளுக்கு, இப்போது இதுவுமா என்றுதான் தோன்றியது. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"உங்ககிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சேன்க்கா" என்றாள் மெதுவாக. "ஆனா அந்தப் பொட்டி உங்களுக்குத்தானே தெரியும்."

வயரைப் பிடுங்கிவிடுவது சுலபம். ஆனால் அத்தை உடனே கேட்பார், சரிசெய்யச் சொல்வார். ஆகவே சர்க்யூட்டையே மாற்றினேன். இரண்டு பக்கமும் தனித்தனி ஆம்பிளிஃபயர், தனித்தனிப் பித்தான். அழுத்தாதவரை இரண்டு ஸ்பீக்கரும் வெறும் வாய், எதையும் ஒட்டுக்கேட்காது. அழுத்துகிறவர் பக்கத்து ஸ்பீக்கர் மட்டும் காதாக மாறி, அவர் பேசுவதை அந்தப் பக்கத்து ஆம்பிளிஃபயர் வழியாக எதிர்ப்பக்கம் அனுப்பும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுத்தினால் யாருக்கும் ஒன்றும் கேட்காது. வெல்லக் கை இருப்பதால் பட்டறைக்கு மட்டும் காலால் மிதிக்கிற சுவிட்சை டி.வி. கடை அண்ணாச்சியிடம் வாங்கினேன். முதலிலேயே இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பாலிடெக்னிக்கில் பிள்ளைகளிடம் இருபக்க இன்டர்காம் என்று சொல்லித்தான் வரைவேன். வீட்டில் செய்தது பார்க்கப் போனால் ஒட்டுக்கேட்கிற பெட்டி.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் கண்ணயர்கிற நேரத்தில் சால்டரிங் பண்ணினேன். மனசுக்குள் சின்னவளோடு சண்டை போட்டுக்கொண்டேதான் பண்ணினேன். அவள் பாட்டு வெளியே கேட்காது என்பதில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது. ஒரு ஜாயிண்ட்கூடப் பிசகவில்லை.

மாற்றி வைத்த அன்று அத்தை பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "செத்துப்போச்சா?"

"இல்ல அத்தை. இனிமே அவ மிதிச்சாத்தான் அவ பேசுதது கேக்கும். நீங்க அமுக்கினா உங்க பேச்சு போவும்."

"முந்தி நல்லாத்தானே இருந்துச்சு. யாரு மாத்தச் சொன்னா?"

நான் மிச்ச வயரைச் சுருட்டினேன். என் வீட்டுக்காரர் சரக்குப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்ட்டி" என்றார் அத்தை. "நானும் அவளும் பேசுதது உனக்குப் பொறுக்கல. அதான் அவ வாயைக் கட்டிட்ட."

வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தவே இல்லை. அத்தை சொன்ன காரணம் தப்பு. ஆனால் சொன்ன பொறாமை நிஜம். இதில் எதை மறுப்பது, எப்படி மறுப்பது? "பட்டறையில நடக்குத எல்லாச் சத்தமும் கடையில கேக்கணுமா அத்தை?" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அத்தை என்னோடு சரியாகப் பேசவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் மோர் வேண்டுமா என்று நான் கேட்பதற்கு முன்பே எழுந்துவிடுவார். சின்னவளுக்கு அது தாங்கவில்லை.

"என்னாலதானே திட்டு வாங்குதீங்க. நான் சொல்லிருதேன்க்கா."

"வேண்டாம். தாண்டட்டும்" என்றேன்.

இதைப் பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த வீட்டில் சின்னவளைப் பற்றி அத்தைக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அதை அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. பட்டறையில் அவள் ஓங்கரிப்பது இப்போது கடைக்குக் கேட்காது, நடுவில் இருக்கிற எனக்குக் கேட்கும். நான் எழுந்து போய், அவள் இடத்தில் நின்று, பதம் தெரியாமலே பாகைக் கிண்டுவேன். அவள் முற்றத்திலிருந்தே, "இப்ப இறக்குங்கக்கா" என்பாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கடைக்கு வருகிறவர்கள் செருப்போடு கரிசலையும் சுமந்து வந்தார்கள். வியாபாரம் மந்தமாகி, வறுக்கிற மிஷினும் ஓடாத ஒரு காலையில் பெட்டி 'கிளுக்' என்றது. சின்னவள் மிதித்திருக்கிறாள்.

"அத்தை, கடையில ஆள் இருக்காவளா?"

"ஒருத்தரும் இல்லட்டி. என்ன?"

"நான் முழுகாம இருக்கேன் அத்தை. நாலாவது மாசம்."

முன்பக்கம் ஸ்பீக்கரிலும் பின்பக்கம் நேரிலும் அதை நான் கேட்டேன். அத்தை பித்தானை அழுத்தினார். ஆனால் பேச்சு வரவில்லை. பட்டறை ஸ்பீக்கரில் அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அதிலேயே தெரிந்தது, அழுகிறார் என்று. பிறகு நாற்காலி நகர்கிற சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு, மழையில் நனைந்த முற்றத்தைத் தாண்டி, அத்தை பட்டறைக்குப் போனார். என்னைக் கடந்துதான் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் நடக்கக் கூடாது என்றுதான் நான் அவ்வளவும் செய்தேன். அவளுக்காக என்றால் நடக்கிறார்.

வெகுநேரம் கழித்துத் திரும்பி வருகையில் பாக்கெட் அறை வாசலில் நின்றார். கடலை மூடையின் மேல் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"உனக்கு முன்னமே தெரியுமாமே."

"தெரியும்."

"அதுக்குத்தான் பொட்டியை மாத்துனியா?"

"ஆமா."

"அன்னைக்கு நான் அந்தப் பேச்சு பேசினேம்லா? வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்லாட்டி."

"நீங்க சொன்னதும் பொய் இல்ல அத்தை" என்றேன். எப்படி அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "எனக்குப் பொறுக்கத்தான் இல்ல."

அத்தை கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார். "நீ வேலைக்குப் போயிட்டு, அந்தப் பையை மாட்டிக்கிட்டு வருவியே. அப்ப எனக்கு எப்படி இருக்கும்னு நினைக்க? நான் இந்தக் கல்லாவை விட்டு எங்க போயிருக்கேன்? உன் பை மேல எனக்கு அத்தனை எரிச்சல்" என்றார். பிறகு எழுந்து, கடைக்கு யாரோ வந்துவிட்டார்கள் என்று போய்விட்டார். அத்தனை வருஷமும் என்மேல் அத்தைக்குப் பொறாமை இருந்தது என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். அது எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது.

சின்னவள் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து குளத்தூருக்குப் போனாள். பாகுக்குச் சம்பளத்துக்கு ஒரு ஆள் வைத்தோம். பெண் குழந்தை பிறந்தது. அத்தையும் நானும் பஸ்ஸில் பார்க்கப் போனோம். அவர்கள் வீட்டில் உப்புக்காற்று துணிமணியெல்லாம் பிசுபிசுக்க வைத்திருந்தது. சின்னவளின் அம்மாவிடம் அத்தை என்னைக் காட்டி, "இவதான் மூத்தவ. கடைக்கும் பட்டறைக்கும் பேசுத பொட்டி செஞ்சவ" என்றார். கேட்காமலே சொன்னார்.

குழந்தையை என் மடியில் போட்டார்கள். அது கண்ணைத் திறக்காமலே வாயைக் கோணிக் கொட்டாவி விட்டது. நான் அதை இன்னும் கொஞ்சம் என் பக்கம் அணைத்துக்கொண்டேன். அதில் பாசம் எவ்வளவு, வயிற்றெரிச்சல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. சின்னவள் கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை கையை நீட்டிய பிறகும் கொஞ்ச நேரம் நான் கொடுக்கவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை.

திரும்பி வரும்போது எட்டயபுரம் வரைக்கும் அத்தை குழந்தையின் மூக்கைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அப்படியே சின்னவளின் மூக்கு என்றார். இல்லை, கொழுந்தனாரின் மூக்கு என்றேன். கோவில்பட்டியில் இறங்குகிறவரை அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே இல்லை.